கேளுங்கள் சொல்கிறோம்: ஷட்டர்

ஜன்னலில் இருப்பதும் ஷட்டர், கேமராவில் இருப்பதும் ஷட்டர். இரண்டுக்கும் ஒரே வேலைதானா?

இரண்டுமே வெளிச்சத்தை மறிப்பவைதான். ஜன்னலில் எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று பார்க்கிறோம், கேமராவில் எவ்வளவு நேரம் என்று பார்க்கிறோம். ஆரம்பத்தில் கேமராவுக்கு ஷட்டரே தேவைப்படவில்லை. 1838-ல் புகைப்படக் கலையின் முன்னோடி டாகேர் பாரிஸ் தெரு ஒன்றைப் படமெடுத்தபோது தகட்டில் உருவம் பதியவே சில நிமிடங்கள் ஆயின. அந்தக் காலத்தில் லென்ஸ் மூடியைக் கையால் கழற்றி மாட்டினாலே போதும். அந்தப் படத்தில், தெருவில் போய்க்கொண்டிருந்த வண்டிகள் எதுவும் விழவில்லை, ஆனால் காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள அசையாமல் நின்றவர் தெரிகிறார்! பிறகு தகடுகள் வேகமாகப் பதிய ஆரம்பித்ததும் கைக்கு அந்த வேகம் வரவில்லை, ஷட்டர் வந்தது.

இன்றைய பெரிய கேமராக்கள் பலவற்றில், தகட்டின் இடத்தில் வெளிச்சத்தைப் பதிவு செய்யும் சென்சாருக்கு முன்னால் இரண்டு திரைகள் உண்டு. முதல் திரை திறந்துகொண்டே போகும், இரண்டாவது பின்னாலேயே மூடிக்கொண்டு வரும். நொடியில் 1/1000 என்று வைத்தால் முதல் திரை முழுசாகத் திறப்பதற்குள் இரண்டாவது கிளம்பிவிடும் என்பதால், சென்சார் முழுவதும் ஒரே நேரத்தில் வெளிச்சம் படாது, ஒரு மெல்லிய இடைவெளிதான் அதன்மேல் நகர்ந்து போகும். அந்த வேகத்தில் சாதாரணமாக ஃபிளாஷ் அடித்தால் படத்தில் கறுப்புப் பட்டை விழுவது இதனால்தான். ஃபிளாஷ் போடும்போது பெரும்பாலான கேமராக்களில் 1/200-ஐத் தாண்டாதீர்கள், சிலவற்றில் 1/250 வரை போகலாம்.

மொபைலில் எடுத்தால் சுற்றும் ஃபேனின் இறக்கைகள் வளைந்து தெரிகின்றனவே?

பெரும்பாலான மொபைல்களில் அசையும் ஷட்டர் கிடையாது, 'க்ளிக்' என்பது வெறும் ஒலிப்பதிவு. சென்சாரை வரிவரியாகப் படிப்பார்கள்; கடைசி வரிக்கு வருவதற்குள் இறக்கை நகர்ந்திருக்கும். எல்லா வரியையும் ஒரே கணத்தில் பதிவு செய்யும் 'குளோபல் ஷட்டர்' சென்சார்களில் இந்த வளைவு வராது.

வெயிலுக்கு ஜன்னல் ஷட்டரை உள்ளே போடுவதா, வெளியேவா?

சந்தேகமே வேண்டாம், வெளியே. கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயிலை உள்ளே மறித்தால் ஷட்டர் சூடாகி, அந்தச் சூட்டில் பெரும்பகுதி அறைக்குள்ளேயே தங்கிவிடும். திருப்பக்கூடிய சாய்வுப் பட்டைகள் உள்ளதாக வாங்கினால் காற்றும் வரும், நேர் வெயிலும் சாரலும் அவ்வளவாக வராது. அப்புறம், திறந்து வைக்கும்போது சுவரோடு மாட்டக் கொக்கி கட்டாயம் போடுங்கள், இல்லையென்றால் பலத்த காற்றில் அடித்து அடித்துக் கீல் பெயர்ந்துவிடும்.