புல் சரிவில் மரம் நட்டால் பறவைகள் பெருகுமா?

கேள்வி: ஊட்டிக்கு அப்பால் எமரால்டு பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. பெரும்பகுதி வெறும் புல் சரிவு. பள்ளத்தில் ஓடையை ஒட்டி ஒரு துண்டுச் சோலை (மலைப் பள்ளத்தில் வளரும் அடர்காடு). பறவைகள் பெருகட்டும் என்று சரிவு முழுக்க மரம் நட நினைக்கிறோம். எந்த மரம் நல்லது?

பதில்: எந்த மரமும் வேண்டாம். சோலை மரமானாலும் சரி, சரிவில் வேண்டாம்.

நட்டால் பறவை வரும் என்பதை மறுக்கவில்லை. செம்மீசைச் சின்னானும் வெள்ளைக்கண்ணியும் தாராளமாக வரும். உங்கள் பட்டியலும் நீளக்கூடும். ஆனால் அவை ஊட்டியின் வீட்டுத் தோட்டங்களிலேயே இருக்கின்றன. சரிவைவிட்டுப் போவது நீலகிரி நெட்டைக்காலி. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலுள்ள உயர்ந்த புல்வெளிகளை விட்டால் அதற்கு உலகில் வேறு இடம் கிடையாது. புல் கொத்தின் அடியில், தரையிலேயே கூடு வைக்கும் பறவை அது. நிழல் விழுந்து புல் மெலிந்தால் அதற்கு அங்கே வேலையில்லை. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இந்த இழப்பு கண்ணில் படாது.

‘வெறும் புல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். காடழிந்து புல்லான இடம் என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவின் சதுப்புப் படிவுகளை ஆராய்ந்தபோது, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இம்மலையில் புல் இருந்தது தெரியவந்தது. திறந்த சரிவில் ஜனவரி உறைபனி இளநாற்றுகளைக் கருக்கிவிடும். பள்ளத்துச் சோலைக்குள் அந்தக் கடுமை இல்லை.

மரம் நட ஆசையிருந்தால் சோலையின் கிழிந்த ஓரத்தைச் சோலை நாற்றுகளால் நிரப்புங்கள். அங்கேயும் எல்லாப் பறவைக்கும் ஒரே தேவை இல்லை. நீலகிரி சிரிப்பான் தவிட்டுப்பழம் தேடித் தோட்டம்வரை வந்துவிடும். கருஞ்செம்மஞ்சள் ஈப்பிடிப்பானுக்குத் தரையை ஒட்டிய அடர்புதர் வேண்டும். நீலகிரி சோலைக்கிளி (கிளியினம் அல்ல, நீல மேனியும் செம்பழுப்பு விலாவும் கொண்ட சிறு பறவை) இருண்ட, ஈரமான சருகுத் தரையில் தத்தித் தத்தி இரை தேடும். ஆகவே ‘சுத்தம் செய்கிறேன்’ என்று சோலையின் அடிப்புதரை வெட்டிவிடாதீர்கள். நல்லெண்ணத்தால் நடக்கும் பெருங்கேடு அதுதான்.

சரிவில் சீகை (வாட்டில் எனப்படும் அயல்நாட்டு மரம்) நாற்று முளைத்திருந்தால் மழைக்காலத்தில் மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பதால் ஆண்டுதோறும் செய்யவேண்டிய வேலை இது. வளர்ந்த மரங்களை வெட்டுவதற்கு முன், 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி தேவையா என்று வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள். சோலையை ஒட்டிய சீகையின் கீழே சோலை நாற்றுகள் தாமாக வந்திருந்தால் அந்தச் சீகையை அவசரப்பட்டு வெட்டவேண்டாம். அதன் நிழலில்தான் நாற்றுகள் தேறுகின்றன.

எதையும் தொடங்கும் முன் ஏப்ரல், மே காலைகளில் சரிவின் ஓரமாக நடந்து, நீலகிரி நெட்டைக்காலி இருக்கிறதா என்று பாருங்கள். வேறு நெட்டைக்காலிகளும் இருப்பதால் குழப்பம் வரும். மார்பிலுள்ள கரும்கீற்றுகள் விலாவரை நீண்டிருந்தால் அது நீலகிரி நெட்டைக்காலியாக இருக்க வாய்ப்பு அதிகம். வயல் நெட்டைக்காலிக்கு விலாவில் கீற்று இராது. வாயில் இரையோடு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இறங்கினால் அருகில் கூடு இருக்கிறது. தேடிப் போகாதீர்கள், ஜூலை முடியும்வரை மாடுகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.