3999-க்கு அப்புறம் என்ன? உரோம இலக்கக் கேள்வி பதில்

ஹட்டன், ஒரு அம்மா: சேர், சிவனொளிபாதமலையின் உயரம் 7359 அடி. மகனை அதை உரோம இலக்கத்தில் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆயிரத்தைக் குறிக்கும் ‘எம்’ (M) எழுத்தை ஏழு தடவை போடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. ஒரே எழுத்து மூன்று முறைக்கு மேல் தொடரக் கூடாது என்பதுதான் பள்ளிக்கூட முறை. அதனால் வெறும் எழுத்துகளில் 3999-ஓடு கதை முடிந்துவிடும். அதற்கு மேலே போக எழுத்தின் தலையில் கோடு இழுக்க வேண்டும், மதிப்பு ஆயிரம் மடங்காகும். வி, ஐ, ஐ மூன்றுக்கும் மேலே ஒரே கோடு: 7000. பக்கத்தில் கோடில்லாமல் சி, சி, சி, எல், ஐ, எக்ஸ்: 359. கோடு ஐ-யைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சி-யின் தலையில் ஏறினால் அந்த ஒரு எழுத்தே லட்சமாகிவிடும்.

பதுளை: எக்ஸலில் ரோமன் சூத்திரத்துக்கு 4000 கொடுத்தால் பிழை காட்டுகிறது. கணினியில் கோளாறா?

பதில்: இல்லை. அதன் எல்லையே 3999தான்.

தலவாக்கலை: அண்ணா, 2013-இல் இலங்கையின் தேயிலை உற்பத்தி சுமார் 340 மில்லியன் கிலோ. இதையும் எழுதலாமா?

பதில்: தாராளமாக. மேலேயும் இரண்டு பக்கமும் கோடு போட்டு, கீழே மட்டும் திறந்து விட்டால் லட்சம் மடங்கு. 340 மில்லியன் என்றால் 3400 லட்சம். ஆக எம், எம், எம், சி, டி எழுதி மூன்று பக்கமும் அடைத்தால் சரி. உரோமர்களுக்கு மில்லியன் என்று தனிப் பெயர் கிடையாது, பத்து லட்சத்தைப் ‘பத்து முறை நூறாயிரம்’ என்றார்கள். பழைய ஆட்களுக்கு லட்சத்துக்கு மேல் எண்ணே இருக்கவில்லை என்று முதலாம் நூற்றாண்டில் உரோம எழுத்தாளர் பிளினியும் எழுதி வைத்திருக்கிறார். செய்தியில் மில்லியன் என்றதும் மனசுக்குள் லட்சமாக்கிப் பார்க்கும் நம் ஆட்கள் அங்கே கணக்குப்பிள்ளை வேலையே பார்த்திருக்கலாம்.

பண்டாரவளை: உரோமர் கல்வெட்டில் எழுத்தின் மேல் கோடு இருந்தாலே ஆயிரம் மடங்கா?

பதில்: அங்கேதான் வில்லங்கம். ‘இது சொல் இல்லை, எண்’ என்று காட்டவும் அதே கோட்டைப் போட்டார்கள். படைப்பிரிவின் பெயரோடு வரும் எக்ஸின் மேல் கோடு இருந்தால் அது பத்தாவது படை, பத்தாயிரமாவது படை அல்ல. முன்பின் வாசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நுவரெலியா: மூன்று முறைதான் என்கிறீர்கள், எங்கள் வீட்டு மணிக்கூட்டில் 4-க்கு நான்கு ஐ இருக்கிறதே?

பதில்: உரோமர்களே இரண்டு விதமாகவும் எழுதினார்கள். மணிக்கூடு செய்பவர்கள் பழையதை விடவில்லை. பரீட்சைத் தாளில் மட்டும் ஐ, வி என்றே எழுதுங்கள்.