மூடிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலையைக் கலைக்கூடமாக்க முடியுமா?

இலங்கையில் எங்கள் மலையகத் தோட்டங்களில் பாழடையும் தொழிற்சாலைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய தொழிற்சாலைதான் இன்றைய தேயிலை அருங்காட்சியகம். கந்தப்பளையில் இன்னொன்று ஹோட்டலாகிவிட்டது.

கட்டடமே இதற்குத் தோதானது. கொழுந்து வாட்டிய மேல்மாடிகள் காற்றோட்டத்துக்காக நீளமாக, வரிசை வரிசையான ஜன்னல்களோடு கட்டப்பட்டவை. ஓவியம் மாட்ட, நாடக ஒத்திகை பார்க்க வேறென்ன வேண்டும்? ஆனால் பலகைத் தளத்தைப் பொறியியலாளர் பார்க்காமல் கூட்டத்தை ஏற்றாதீர்கள். பெரும்பாலும் நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியிடம். இருவரின் அனுமதியையும் எழுத்தில் பெறுங்கள். பழைய இயந்திரங்களை இரும்புக்கு விற்றுவிடாதீர்கள்.

தோட்ட மக்களின் ஆட்டக்கலையான காமன் கூத்துக்கும் தப்பு என்ற பறைக்கும் அங்கே இடம் வேண்டும். கம்பளைக்கு அருகே பழைய லயத்தையே, அதாவது தொழிலாளர் வாழ்ந்த வரிசை வீடுகளையே, தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். முதலில் அதைப் போய்ப் பாருங்கள்.