தூக்கிய வண்டியும் ஸ்டீயரிங் வேலையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐந்து கதவு ஜிம்னி வைத்திருக்கிறேன். வண்டியை 2 இன்ச் உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டு, டயரையும் 215/75 ஆர்15-க்கு மாற்றினேன். அதிலிருந்து நேராகப் போகும்போதும் ஸ்டீயரிங் ஒரு பக்கம் திரும்பியே நிற்கிறது. 70-ஐத் தாண்டினால் வண்டி அலைகிறது. பாலத்து ஜாயின்ட்டில் ஏறி இறங்கினால் ஸ்டீயரிங் கையில் உதறுகிறது. பெரிய ஸ்டீயரிங் டாம்பரும் டிராப் பிட்மேன் ஆர்மும் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கிட் மாட்டிய கடையில் சொல்கிறார்கள். போடலாமா? (கோத்தகிரி வாசகர்)

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்காதீர்கள். டாம்பர் என்பது ஸ்டீயரிங் உதறலை அடக்கும் ஷாக் அப்சார்பர் மாதிரியான பாகம். பிட்மேன் ஆர்ம் என்பது ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து வரும் கை, டிராப் ஆர்ம் அதன் முனையைக் கீழே இறக்கும். நீங்கள் சொல்லியிருப்பது மூன்று தனித்தனி தொந்தரவுகள், மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

முதலில் வண்டி அலைவது. ஜிம்னியின் முன் ஆக்ஸில் ஒரே தண்டாக இருப்பது, அதைப் பிடித்திருப்பவை பின்னாலிருந்து வரும் இரண்டு கைகள். ஸ்பிரிங்கை உயரமாக்கினால் சேஸிஸ் மேலே போகும், கையின் முன்முனை கீழே சாயும், அதோடு இறுகப் பிடித்திருக்கும் ஆக்ஸிலும் சேர்ந்து முன்பக்கமாக உருளும். 70 செ.மீ. நீளமுள்ள ஒரு கையின் முனை 5 செ.மீ. இறங்கினால் சுமார் 4 டிகிரி திரும்பும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அந்தத் திருப்பம் அப்படியே காஸ்டரிலிருந்து கழிகிறது. சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சான கிங்பின்னின் மேல்முனை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருப்பதுதான் காஸ்டர். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வருவதும் வேகத்தில் வண்டி நேராக ஓடுவதும் பெரும்பாலும் அதன் தயவில்தான். அது குறைந்தால் டிரைவர் ஓயாமல் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கும். டாம்பர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இதைச் சரிசெய்யாது. அலைன்மென்ட் கடையில் காஸ்டரை அளந்து, பிரின்ட் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வண்டியில் அதைத் திருகி மாற்ற வழியில்லை, அதனால் பல கடைகளில் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை, நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். 2 இன்ச்சுக்குத் துளை மையம் தள்ளிய காஸ்டர் புஷ் (கையின் மூட்டில் இருக்கும் உருளை) போதும் என்று பலர் போடுகிறார்கள். கையின் சேஸிஸ் முனையைக் கீழே இறக்கும் பிராக்கெட்டும் கிடைக்கிறது. என் விருப்பம் பிராக்கெட்தான், கை பழைய கோணத்துக்கே வந்துவிடுவதால் மேடு பள்ளத்தில் வண்டியின் நடையும் கெடாது. அடியில் கொஞ்சம் இடம் குறையும், பாறையில் ஏறுபவராக இருந்தால் அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஸ்டீயரிங் திரும்பி நிற்பது. இது சுலபம். உயரம் கூடியதும், பிட்மேன் ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியான டிராக் லிங்க் சாய்ந்து, அதன் கிடைமட்ட நீளம் குறைந்திருக்கிறது. லிங்க்கில் இருக்கும் அட்ஜஸ்டரின் லாக் நட்டைத் தளர்த்தி நீளத்தைத் திருத்தினால் ஸ்டீயரிங் வீல் நடுவுக்கு வந்துவிடும். அதை விட்டுவிட்டு ஸ்டீயரிங் வீலைக் கழற்றி வேறு பல்லில் மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள். ஸ்டீயரிங் பாக்ஸ் நேராக ஓடும்போது அதன் நடுப்புள்ளியில் இருக்க வேண்டும், அங்கேதான் ஆட்டம் மிகக் குறைவு. தவிர உங்கள் வண்டியில் இஎஸ்பி (வண்டி சறுக்காமல் தானே பிரேக் பிடிக்கும் அமைப்பு) இருக்கிறது. நேராகப் போகும் வண்டியை, திரும்புகிறது என்று சென்சார் சொல்லிக்கொண்டிருந்தால் தேவையில்லாத நேரத்தில் பிரேக் பிடித்துவிடும்.

இதே வேலையில் பான்ஹார்ட் ராடையும் பாருங்கள். ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது அது. லிஃப்ட் போட்டால் அதுவும் சாய்ந்து, ஆக்ஸிலைச் சில மி.மீ. ஒரு பக்கமாக இழுத்திருக்கும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ராட் போட்டால் ஆக்ஸில் நடுவுக்கு வந்துவிடும். ஆனால் இதை முதலில் செய்யுங்கள், அப்புறம்தான் டிராக் லிங்க், இல்லையென்றால் அதே வேலையை இரண்டு தடவை செய்ய வேண்டிவரும்.

டிராப் பிட்மேன் ஆர்ம் வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். இப்போது டிராக் லிங்க்கும் பான்ஹார்ட் ராடும் கிட்டத்தட்ட இணையாக, ஒரே அளவு சாய்ந்திருக்கின்றன. வண்டி குலுங்கும்போது இரண்டும் ஒரே வில்லில் ஏறி இறங்குவதால் ஸ்டீயரிங் அசையாது. ஒன்றை மட்டும் கீழே இறக்கினால் அந்த இணை உடைந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தானே திரும்பப் பார்க்கும். இறக்குவதென்றால் பான்ஹார்ட்டின் சேஸிஸ் முனையையும் அதே அளவு இறக்க வேண்டும். 2 இன்ச்சுக்கு அந்த அளவு வேலையே தேவையில்லை. சந்தேகம் இருந்தால் சமதரையில் வண்டியை நிறுத்தி ஸ்டீயரிங் லாக்கை எடுத்துவிட்டு, இரண்டு பேரை முன் பம்பரில் ஏறி மேலும் கீழும் அழுத்தச் சொல்லி, ஸ்டீயரிங் வீலைப் பாருங்கள். வீல் நன்றாகத் திரும்பினால் கோணம் கெட்டிருக்கிறது.

மூன்றாவது, உதறல். இதை அலட்சியம் செய்யாதீர்கள், இது முற்றினால் முன் ஆக்ஸில் முழுவதும் ஆடி, வண்டி கைக்குள் நிற்காது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் சிறிதாக அசைக்கட்டும், சக்கரங்கள் தரையிலேயே இருக்கட்டும், நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு ஜாயின்ட் மேலும் விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து நகராமல் இடையில் 'டக்' என்று தட்டினால் அங்கேதான் கோளாறு. பான்ஹார்ட் புஷ்ஷைக் கட்டாயம் பாருங்கள். பிறகு ஒரு சக்கரத்தைத் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்கவில்லை என்றால் கிங்பின் பேரிங். டயர் பேலன்ஸையும் காற்றழுத்தத்தையும் இதற்கெல்லாம் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். கம்பெனியே ஒரு டாம்பர் கொடுத்திருக்கிறது, அதில் ஆயில் கசிந்தால் மாற்றுங்கள். தேய்ந்த ஜாயின்ட்டை அப்படியே வைத்துக்கொண்டு பெரிய டாம்பர் போட்டால் உதறல் சில நாள் மறையும், ஜாயின்ட் மட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: பழைய ஜிப்ஸியில் லீஃப் ஸ்பிரிங்கை ஆக்ஸிலுக்கு மேலே மாற்றி உயர்த்தியிருக்கிறேன். டிராக் லிங்க் ஸ்பிரிங்கில் இடிப்பதால் லேத்தில் கொடுத்து 'இசட்' மாதிரி வளைத்து வெல்டிங் வைத்திருக்கிறார்கள். பள்ளத்தில் வண்டி இழுக்கிறது, ஸ்டீயரிங்கும் கனம். கார் ஒன்றின் எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் காலம் (ஸ்டீயரிங் வீலைத் தாங்கும் தண்டு) போட்டுவிட்டால் போதுமா? (வால்பாறை வாசகர்)

பதில்: அந்த வெல்டிங் லிங்க்கோடு மலைப்பாதையில் ஓட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அது விட்டுப்போனால் ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இருக்காது, கொண்டை ஊசி வளைவில் பிரேக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

லிங்க்கை வளைத்தால் ஸ்பிரிங்கில் இடிக்காது, அவ்வளவுதான் லாபம். லிங்க்கின் இரு முனைகளிலும் இருக்கும் பால் ஜாயின்ட்டின் (உருண்டை மூட்டு) மையங்களையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள், வண்டிக்குத் தெரிவது அந்தக் கோடு மட்டும்தான். நடுவில் எப்படி வளைத்தாலும் அதன் சாய்வு மாறாது, அதனால்தான் பள்ளத்தில் இழுப்பது அப்படியே இருக்கிறது. அதோடு வளைந்த கம்பி சுமை ஏறும்போது வில்லாக நெளியும், நீங்கள் திருப்பியதில் கொஞ்சம் அந்த நெளிவிலேயே போய்விடும். இந்த மாற்றத்தில் வண்டி சுமார் 5 இன்ச் ஏறியிருக்கும். அந்த உயரத்துக்குச் சரியான வழி, சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நக்கிளின் மேல் பக்கத்தில் புது ஆர்ம் வைத்து, இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடையும் டிராக் லிங்க்கையும் ஸ்பிரிங்குக்கு மேலே கொண்டுபோவது. லிங்க் நேராகவும் இருக்கும், சாய்வும் குறையும், பாறையிலும் இடிபடாது. செலவு அதிகம்தான், ஆனால் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஆர்மை ஃபோர்ஜிங்கிலோ முழு இரும்புக் கட்டியிலிருந்து கடைந்தோ செய்திருக்க வேண்டும். பழைய ஆர்மைச் சூடாக்கி வளைத்தது வேண்டவே வேண்டாம்.

ஸ்பிரிங் உட்காரும் தட்டை ஆக்ஸிலில் வெல்டிங் வைத்த கோணத்தையும் பாருங்கள், காஸ்டரை முடிவு செய்வது அதுதான். ஒன்றிரண்டு டிகிரி தவறியிருந்தால் ஸ்பிரிங்குக்கும் தட்டுக்கும் நடுவே ஆப்பு வடிவ இரும்புத் தகடு வைத்துத் திருத்தலாம்.

பவர் ஸ்டீயரிங் அதற்கப்புறம். அது கனத்தைக் குறைக்கும், கோணத்தைத் திருத்தாது. பல யூனிட்டுகள் வேக சிக்னல் கிடைக்காவிட்டால் எல்லா வேகத்திலும் ஒரே அளவு உதவி கொடுக்கும், பார்க்கிங்கில் இதமாகவும் 80-இல் பயமாகவும் இருக்கும். சிக்னல் கொடுக்கத் தெரிந்தவரிடம் மட்டும் செய்யுங்கள். காலத்தையும் ஸ்டீயரிங் பாக்ஸையும் சேர்க்கும் இடைத்தண்டை எப்படி இணைக்கப் போகிறார் என்றும் கேளுங்கள்.

கேள்வி: 2020 தாருக்கு ஸ்பேசர் (உயரம் கூட்டும் வளையம்) வைத்துத் தூக்கினால் மேலே சொன்ன வேலையெல்லாம் வருமா? (தேனி வாசகர்)

பதில்: வராது, உங்களுடையது வேறு அமைப்பு. முன்னால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி விஷ்போன் கைகள், பல்சக்கரம் பல் தண்டை நகர்த்தும் ராக் அண்ட் பினியன் ஸ்டீயரிங். பிட்மேன் ஆர்ம், முன் பான்ஹார்ட் எதுவும் இல்லை. ஆக்ஸில் ஒரே தண்டாக இருக்கும் வண்டியில் லிஃப்ட் போட்டாலும் டோ (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) அனேகமாக மாறாது, உங்கள் வண்டியில் டோ, கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு) இரண்டுமே மாறும். ஸ்பேசர் போட்ட அன்றே அலைன்மென்ட் செய்யாவிட்டால் புது டயரின் ஓரம் சீக்கிரம் தேய்ந்துவிடும். சக்கரத்தைச் சுற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் சிவி ஜாயின்ட்டும் (வளைந்து சுற்றும் மூட்டு) கூடுதல் கோணத்தில் சுற்றும், அதன் ரப்பர் உறையான பூட் கிழிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். வெளியே தள்ளி நிற்கும் வீல் வேண்டாம், கல்லில் மோதினால் அடி நேராக ஸ்டீயரிங்குக்கு வரும்.

கேள்வி: இதற்கெல்லாம் ஆர்டிஓ அனுமதி உண்டா? (கோவை வாசகர்)

பதில்: 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. பொதுச்சாலையில் ஓட்டும் வண்டி என்றால், விபத்தில் இன்ஷூரன்ஸ் தகராறும் வரலாம் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

கேள்வி: ஸ்டீயரிங் வேலை முடித்து வண்டியை எடுக்கும்போது நான் என்ன பார்க்க வேண்டும்? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: ஒவ்வொரு பால் ஜாயின்ட் நட்டிலும் நட்டு கழலாமல் தடுக்கும் புது காட்டர் பின் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். துளை நேராக வரவில்லை என்றால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் பின் போட வேண்டும், தளர்த்திப் போடக்கூடாது. டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பானர்) வைத்து இறுக்கச் சொல்லி, நட்டிலிருந்து பக்கத்து இரும்பு வரை பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். இரண்டு பக்கமும் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பி, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, டயர் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி கீழே படுத்துப் பாருங்கள், கோடு விலகியிருந்தால் அந்த நட்டு தளர்ந்திருக்கிறது, வண்டியை அங்கேயே நிறுத்திச் சரிபாருங்கள்.