வகுப்பறை நிதி: எந்தப் பள்ளிக்கு முதலில்?

ஊராட்சி ஒன்றியத்தில் பொறியாளராக இருக்கும் ஒரு வாசகர் கேட்கிறார்: "வகுப்பறை கேட்கும் பள்ளிகள் அதிகம், நிதி குறைவு. தேவைப்படி வரிசைப்படுத்தி, பணம் தீரும்வரை ஒதுக்குகிறோம். கணித முறையில் இதைவிட நன்றாகப் பிரிக்க முடியுமா?"

முடியும். சிக்கலே அந்த வரிசைப் பட்டியலில்தான். கையில் 60 லட்சம் என்று வையுங்கள். அ பள்ளிக்கு 40 லட்சம் ஆகும், 120 பிள்ளைகளுக்குப் பயன். ஆ பள்ளிக்கு 30 லட்சம், 85 பேர். இ பள்ளிக்கும் 30 லட்சம், 80 பேர். தலைக்கணக்கோ, லட்சத்துக்கு எத்தனை பேர் என்ற கணக்கோ, எப்படிப் பார்த்தாலும் அ-தான் முதலிடம். அதற்குக் கொடுத்தால் மிச்சமுள்ள 20 லட்சத்தில் ஒன்றும் கட்ட முடியாது. அ-வை விட்டு ஆ, இ இரண்டையும் எடுத்தால் 165 பேர்.

மூன்று பள்ளிக்கு மனக்கணக்கு போதும். 30 பள்ளி என்றால், எவற்றை எடுப்பது, எவற்றை விடுவது என்பதற்கு 100 கோடிக்கும் மேற்பட்ட வழிகள். அதற்கு எக்செல் சால்வர் போதும்; நிபந்தனைகளுக்குள் சிறந்த விடையைத் தேடித் தரும் கருவி அது. இலவசமாக வேண்டுமென்றால் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் சால்வர் உண்டு. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு கட்டம்: கட்டினால் 1, இல்லையென்றால் 0. மொத்தச் செலவு நிதியைத் தாண்டக்கூடாது, பயன்பெறும் பிள்ளைகள் அதிகபட்சமாக வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கட்டங்களை 'பைனரி' (0 அல்லது 1 மட்டுமே) என்று குறிப்பிட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அ பள்ளிக்கு 1.5 கட்டடம் என்பது போல விடை வரலாம்!

உண்மையான வேலை இதற்கு அப்புறம்தான். தலைகளை மட்டும் எண்ணினால் 18 பிள்ளைகள் படிக்கும் மலைக் குக்கிராமப் பள்ளி எந்த ஆண்டும் தேறாது. கல்வி உரிமைச் சட்டத்தின் மாதிரி விதிகள் தொடக்கப் பள்ளியை நடந்து போகும் 1 கி.மீ. தூரத்துக்குள் கேட்கின்றன, ஆகவே 'இத்தகைய ஊர்களில் ஒன்றாவது' என்று ஒரு நிபந்தனை சேருங்கள். இடிந்து விழும் நிலையிலுள்ள கட்டடத்துக்குக் கூடுதல் மதிப்பெண் போடும் பழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. மதிப்பெண் என்றால் அதை வேறொன்று முந்திவிடலாம். அந்தப் பள்ளிக்கான கட்டத்தில் நேரே 1 போட்டுவிட்டு, மீதிப் பணத்தைக் கணக்குக்கு விடுங்கள். ஒரு திட்டத்துக்கென்றே வந்த நிதி இருந்தால் அதற்குத் தனி வரம்பு.

விடை கிடைத்ததும் நிதியைச் சற்றுக் கூட்டி மறுபடி ஓட்டுங்கள். நம் உதாரணத்தில் 70 லட்சம் இருந்தால் அ, ஆ இரண்டும் சேர்ந்து 205 பேர் ஆகிவிடும். 10 லட்சத்தில் 40 பிள்ளைகள் கூடுகிறார்கள் என்ற கணக்கோடு கூடுதல் நிதி கேட்டுப் போகலாம்.