ஃபஸ்ஸி லாஜிக் புராஜெக்ட் வேலைக்கு ஆகுமா?

தண்டையார்பேட்டை அம்மாவுக்கு வணக்கம்.

பையன் இ.இ.இ. கடைசி வருஷம். மோட்டார் வேகக் கட்டுப்பாட்டில் பி.ஐ.டி. (வேண்டிய வேகத்துக்கும் ஓடும் வேகத்துக்கும் உள்ள பிழையைக் கணக்குப் போட்டுத் திருத்தும் முறை) நம்பகமானதா, ஃபஸ்ஸி லாஜிக்கா ("வேகம் குறைந்தால் கூட்டு" மாதிரி விதிகளை வைத்து முடிவெடுக்கும் முறை) என்று ஒப்பிடும் புராஜெக்ட் எடுத்திருக்கிறான். மணலி ஆலையில் இருக்கும் அவன் மாமா "இதெல்லாம் வேலைக்கு ஆகாது" என்கிறார். மாற்றச் சொல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

ஆனால் மாமா சொல்வதில் விஷயம் இருக்கிறது. மணலி, எண்ணூர் பக்கம் பம்பு, கன்வேயர் மோட்டார்களை ஓட்டும் டிரைவுக்குள் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இருப்பது பெரும்பாலும் பி.ஐ.டி.யின் எளிய வடிவமான பி.ஐ.தான். அதை டியூன் செய்யும், அதாவது அதன் எண்களைச் சரியாக அமைக்கும் வழியை ஸீக்ளர், நிக்கோல்ஸ் என்ற இரண்டு பொறியாளர்கள் 1942-லேயே எழுதிவிட்டார்கள். ராத்திரி ஷிஃப்டில் வேகம் தடுமாறினால் இரண்டு எண்களை மாற்றிப் பார்க்கலாம். ஃபஸ்ஸியில் 49 விதிகள் இருந்தால் எதைத் தொடுவது? ஆலைக்காரர்களின் தயக்கம் அதுதான். அதற்காக ஃபஸ்ஸி ஏட்டுச் சுரைக்காயும் இல்லை. 1987-ல் ஜப்பானின் செண்டாய் சுரங்க ரயிலையே அதை வைத்து ஓட்டினார்கள்.

அடுத்த பாராவைப் பையனிடமே கொடுத்துவிடுங்கள்.

தம்பி, பி.ஐ.டி.யை அரைகுறையாக டியூன் செய்துவிட்டு, ஃபஸ்ஸியை மட்டும் மெருகேற்றி "ஃபஸ்ஸியே சிறந்தது" என்று முடிக்காதே. இன்டர்வியூவில் அனுபவசாலி கிராஃபைப் பார்த்ததுமே பிடித்துவிடுவார். 1500 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது என்கோடர் (வேகத்தை அளந்து சொல்லும் சென்சார்) வயர் கழன்றால்? வேகம் சைபர் என்று நம்பி பி.ஐ. முழு வோல்டேஜையும் கொடுக்கும், மோட்டார் தறிகெட்டு ஓடும். ஃபஸ்ஸியும் அதையேதான் செய்யும். "பிழை பெரிதென்றால் நிறையக் கொடு" என்பதுதானே நீ எழுதிய விதி! சிக்னல் போனால் ட்ரிப் ஆக்கும், அதாவது மோட்டாரைத் தானாக நிறுத்திவிடும் தனிப் பாதுகாப்பு இரண்டுக்கும் வேண்டும். தலைப்பில் நம்பகத்தன்மை என்று போட்டுவிட்டு இதைத் தொடாமல் விட்டால் எப்படி? லோடைத் திடீரென ஏற்று, சிக்னலில் இரைச்சலைக் கல, மோட்டார் சூடேறியபின் ஓட்டிப் பார். பி.ஐ.டி. ஜெயித்தால் அப்படியே எழுது. சிமுலேஷனோடு நிற்காதே; ஒரு சின்ன டி.சி. மோட்டாரும் அதைக் கட்டுப்படுத்த ஆர்டுயினோ போர்டும் ரிச்சி தெருவில் கிடைக்கும்.

அம்மா, கூடவே பி.எல்.சி. (ஆலை இயந்திரங்களை இயக்கும் கம்ப்யூட்டர்), வி.எஃப்.டி. (ஏ.சி. மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்) படிக்கட்டும், உங்கள் பக்கத்து ஆலைகளில் வேலைக்கு உதவுவது அதுதான். கோர்ஸுக்குப் பணம் கட்டுமுன், நிஜ மோட்டாரை இணைத்து ஓட்ட விடுவார்களா என்று கேளுங்கள். ஸ்கிரீனில் மட்டும் காட்டுகிற இடத்துக்குத் தண்டச் செலவு வேண்டாம்.

மாமாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடுங்கள். அவர் ஆலையில் டிரைவ் எதனால் ட்ரிப் ஆகிறது என்று பையன் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். தூசி அடைத்த கூலிங் ஃபேன், தளர்ந்த டெர்மினல், தேய்ந்த பேரிங் என்று அவர் சொல்லக்கூடிய பட்டியலுக்குப் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.