போருக்கு முன்பே வந்தவர்கள்

வணக்கம். தாத்தா 1972இலேயே இலங்கையிலிருந்து கோத்தகிரி வந்திருக்க, ஊரில் '83 கலவரத்துக்குப் (1983இல் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்தது) பயந்து வந்த குடும்பம்' என்கிறார்களே என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் சந்தேகம் சரி, வருடமே இடிக்கிறது. 1948 குடியுரிமைச் சட்டம் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போன வம்சாவளியினரான இலங்கை மலையகத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, இன்றும் மனசு ஆறவில்லை. அப்படி வந்தவர்களுக்கு வேலை தரத்தான் 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் (இன்றைய டான்டீ, தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) தொடங்கியது. 1977, 83 கலவரங்களும் பலரை விரட்டின, உண்மை. ஆனால் அதை மட்டும் சொன்னால் இரண்டு அரசுகள் செய்தது மறைந்துபோகும்.

பழைய டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் பாஸ்போர்ட் இருக்கிறதா தேடுங்கள், தேதியே சொல்லிவிடும். பாட்டி இருந்தால் இலங்கையின் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் வந்த கப்பலையும், வந்தவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாமையும் பற்றிக் கேளுங்கள்.